மயில்துத்தத்தில் ஒரு சொட்டு

மாலை வெயில் மேசைமேல் சாய்ந்திருக்கிறது. தண்ணீருக்குப் பதிலாக ஆய்வாளர்கள் இருவரும் தாங்களே காய்ச்சியெடுத்த பாகு போன்ற திரவத்தில் நொதி வேலை செய்கிறது. அதற்கு அடையாளமாகக் குப்பி மஞ்சளாகிவிட்டது. ஆய்வகத்தில் மூத்தவளான அக்காவுக்கு வாயெல்லாம் பல். இளையவளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. “எங்கேயாவது தண்ணி புகுந்திருக்குமோக்கா?” “உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்டி! சொட்டுத் தண்ணி இல்லாமலே நொதி வேலை செஞ்சிருச்சு, ஜெயிச்சாச்சுன்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன்,” என்கிறாள் அக்கா. இளையவள் வறுத்து வெளுத்த மயில்துத்தப் பொடியைக் கண்ணாடித் தட்டில் பரப்புகிறாள். ஈரம் பட்டால் அது நீலமாகிவிடும். நடுவில் ஒரு சொட்டுத் திரவம் விடுகிறாள். சொட்டைச் சுற்றி மெல்ல நீலம் கசிகிறது. “காத்துல இருக்கிற ஈரம்டி அது!” அக்கா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறாள். இளையவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொட்டுப் படாத ஓரமெல்லாம் பொடி வெள்ளைவெளேரென்றே கிடக்கிறது.