கடிக்காத பூட்ஸ்

"கொப்புளத்தை உடைச்சுப்போடாதேங்கோ," என்றபடி மயூரா கணவன் றமணனின் குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டினாள். "இண்டைக்காவது அந்த ஸ்கீ பூட்ஸைப் போடாமல் விடுங்கோவன்."

"ஏலாது. இண்டைக்கு விட்டால் பிறகு நாளில்லை."

றமணன் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்ஸை மாட்டினான். லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டு ஹோலில், சோபாவுக்கும் டிவிக்கும் இடையே, டக் டக்கென்று நடக்கத் தொடங்கினான்.

பள்ளி முடிந்து வந்த மகள் துஷ்யா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா! அது ஸ்கூல் ட்ரிப்புக்கு வாங்கின என்ர பூட்ஸெல்லோ!"

"ஓம் பிள்ளை. எனக்கும் உனக்கும் ஒரே அளவு கால்தானே. பனிமலையில சறுக்கேக்க உன்னைக் கடிக்கக் கூடாதெண்டு இளக்கிறன்."

அந்த வாரக் கடைசியில் ஒஸ்திரியாவிலிருந்து துஷ்யா அழைத்தாள். "பூட்ஸ் பஞ்சு மாதிரி இருக்கு, அப்பா!" றமணனுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

ஃபோன் மயூராவின் கைக்கு வந்ததும் மகளின் குரல் இறங்கியது.

"அம்மா, கொப்புளத்துக்கு என்ன பூசுறது? அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."