குறட்டைக்குக் கீழே ஒரு படுக்கை

தாய்லாந்தின் அயுத்தயா ரயிலடிக்கு எதிரே இருந்த மலிவு விடுதிக்கு பிகுல் மறுபடியும் வந்து நின்றாள். வரவேற்பில் இருந்த நாம்வான் சிரித்தாள்.

“பெரியம்மா, இன்னிக்குத் தனி அறை காலியாக் கிடக்கு. அதே வாடகைக்கே தர்றேன், எடுத்துக்குங்க.”

“வேண்டாம்மா. நேத்துப் படுத்த எட்டுப் பேர் அறையே போதும்.”

“ஐயோ, அங்கயா? அந்த ஜெர்மன்காரர் விடுற குறட்டையில மத்தவங்கல்லாம் வேற அறைக்கு ஓடிட்டாங்க!”

“அவருக்குக் கீழ்ப் படுக்கையையே கொடு” என்றாள் பிகுல்.

காலையில் மகள் ஓரதாய் தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஏம்மா, ரெண்டு தெரு தள்ளிச் சொந்த வீடு இருக்க, இங்க வந்து படுக்கிறியே! ஊரே சிரிக்குது.”

“வீட்ல தூக்கம் வரலைடி. இத்தனை வருஷம் உங்கப்பா குறட்டையிலயே தூங்கிப் பழகிட்டேன். இப்ப முழிச்சுப் பார்த்தா பக்கத்துல ஒரு சத்தமும் இல்ல.”

நாம்வானுக்குக் கண் கலங்கியது. “மன்னிச்சிடுங்க பெரியம்மா. பெரியப்பா தவறினது எனக்குத் தெரியாது.”

“சீச்சீ, வாயைக் கழுவு!” என்று பதறினாள் பிகுல். “அவர் நல்லாத்தான் இருக்கார். ஆத்துக்கு அக்கரைக் கோயில்ல பிக்குவா இருக்கார்.”

“எல்லாரையும் போல மழைக்காலத்துக்கு மட்டும் துறவு இருந்துட்டு வந்துடுறேன்னுதானே போனார்? மழை முடிஞ்சும் வரலையே” என்றாள் ஓரதாய். “போய்க் கூப்பிட வேண்டியதுதானே?”



“அவருக்கு அங்கேயே மனசு நிலைச்சுப் போச்சுடி. ஊரைக் கூட்டி, காவித் துணியை மடிச்சு அவர் கையில கொடுத்தவளே நான்தான். இப்ப எந்த வாயால திரும்பி வாங்கன்னு கூப்பிடுவேன்?”