காவல் பனியன்

காலை ஒன்பது மணிக்கு மேல் அந்த வீதிகளில் பூட்டுகள் மட்டும்தான் காவல். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவதால், திருடர்களும் டே ஷிப்டுக்கு மாறிக்கொண்டார்கள்.

அடுத்தடுத்து மூன்று வீடுகள் போன பிறகுதான் தெருநலச் சங்கத்துக்கு உயிர் வந்தது. முதல் வேலையாக வீதி முக்கில் ஒரு கேமராவை மாட்டி, அதற்கு மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வேலை, பகல் காவல். வேலைக்குப் போகாதவர்கள் முறை வைத்து முக்கில் உட்கார வேண்டும்.

"மூணு வீதி ஆளுங்க. பாதிப் பேருக்குப் பாதிப் பேரைத் தெரியாதுங்களே. நம்ம ஆளுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவன் மணியன்தான். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அதுக்கென்னப்பா, ஆளுக்கொரு பனியன் போட்டுட்டாப் போச்சு" என்றார் தலைவர் திருமூர்த்தி. சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். கேன்சலான ஆர்டரின் கிளிப்பச்சைத் துணி அவர் குடோனில் கிடந்தது. முதுகில் ‘தெருக் காவல்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தார். இருந்த துணி மொத்தத்தையும் தைத்து, சங்கத்துக்குப் போக மிச்சத்தை, கழிவு பனியன்களை மலிவாக விற்கும் காதர்பேட்டை செகண்ட்ஸ் கடைக்கு மூட்டை கட்டி அனுப்பினார். எதையும் வீணாக்காத மனுசன் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

மணியனுக்கு அந்தப் பனியன் மேல் அசாத்திய மரியாதை. நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன். எழுதியிருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்பது அவன் கட்சி. அயர்ன் டேபிளில் நின்று நின்று முழங்கால் தேய்ந்துபோய், இப்போது பாதி நாள் வீட்டில்தான் கிடக்கிறான். மனைவி சாமியாத்தாள் வீட்டிலேயே ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுவதால்தான் அடுப்பு எரிகிறது.

"அந்த மெஷினும் போச்சுன்னா சோத்துக்கு எங்கீங்க போறது? போய்த் தூங்காம உக்காந்து பாருங்க" என்று காவலுக்கு அனுப்பியதும் அவள்தான்.

அன்றைக்கு மணியனின் முறை. நல்ல வெயில். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப்போட்ட வீதிக்குள் வண்டி நுழைய வழியில்லை. முக்கிலேயே ஒரு டெம்போ நின்றது. வீதிக்குள்ளிருந்து இரண்டு பேர் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புழுதிக்கு மூக்கோடு கர்ச்சீப். மேலே கிளிப்பச்சைப் பனியன்.

"அண்ணா, ஒரு கை குடுங்க. தண்ணி மோட்டாரு. காயில் கட்டக் கொண்டுபோறோம்."

"அதுக்கென்ன கண்ணு, கொண்டாங்க."

மணியன் கனமான பக்கமாகப் பார்த்துப் பிடித்தான். முழங்கால் முனகியது. சங்கம் என்றால் இதுதானே என்று நெஞ்சு நிமிர்ந்தது. தலைவரும் ஒருநாள் பார்க்கட்டும் என்று கேமராவை அண்ணாந்து ஒரு சிரிப்பு வேறு சிரித்து வைத்தான்.

டெம்போவில் ஏறும்போது ஒருவன் குரலைத் தாழ்த்தினான். "உள்ள ஒருத்தன் பையோட ஒவ்வொரு ஊடா எட்டிப் பாத்துட்டுத் திரியறான். பனியனும் போடலை. பாத்துக்குங்கண்ணா."

மணியன் விசிலை ஊதினான். பத்துப் பேர் சேர்ந்தார்கள். பையோடு திரிந்தவனைப் பிடித்து மின்கம்பத்தோடு நிறுத்தினார்கள். பையைக் கவிழ்த்தால் ஸ்பேனர், திருப்புளி, கட்டிங் பிளேயர்.

"மெக்கானிக்குங்க. சோமனூருங்க. ஒரு அம்மா போன் பண்ணி வரச்சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"பேரு கேக்கலீங்க. இப்பக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறாங்க."

"எடுக்க மாட்டாங்க. திருடனுக்கு எவ எடுப்பா?" என்றான் மணியன். கூட்டம் சிரித்தது. தன் துண்டாலேயே அவன் கையைக் கட்டினான். திருமூர்த்தி ஸ்கூட்டரில் பறந்து வந்து, மணியனை அவன் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்.

ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையோடு வந்த சாமியாத்தாள் கூட்டத்தை விலக்கிப் பார்த்தாள்.

"அட கெரகமே! நாந்தானுங்க வரச்சொன்னேன். காத்தால இவரு காவலுக்கு வந்தப்புறம் மெஷினு நின்னுபோச்சு. ரேஷன் கடைச் சந்தடியில போன் அடிச்சது எனக்கெங்க கேட்டுது? கட்டை அவுத்துவிடுங்க."

மணியனே கட்டை அவிழ்த்தான். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், மெக்கானிக்கின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

வீட்டுப் பூட்டு தரையில் கிடந்தது. மெஷின் இருந்த இடத்தில் மொட்டை டேபிள் நின்றது.

சாமியாத்தாள் தலையில் கைவைத்தாள். மணியன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

"ஓடாத மெஷினுங்க. தூக்கிட்டுப் போனவங்களும் மெக்கானிக்கைத் தேடித்தான் ஆகணும்" என்றார் மெக்கானிக், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே.

எஸ்.ஐ. வந்தார். திருமூர்த்தியின் போனில் கேமரா படத்தை ஓடவிட்டார்கள். டெம்போ நம்பர் மேல் சேறு அப்பியிருந்தது. மூட்டையும் பச்சை முதுகுகளும் தெரிந்தன.

"தெருக் காவல்னு போட்டிருக்குது. உங்க சங்கத்து ஆளுங்கதானே?"

திருமூர்த்தி இழுத்தார். "காதர்பேட்டையிலயும் கெடைக்குமுங்க."

"ஒருத்தன் மூஞ்சியாச்சும் தெரியுதுங்களா, சார்?" என்று அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள் சாமியாத்தாள்.

எஸ்.ஐ. படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிசாக்கினார். "ரெண்டு பேருக்குக் கர்ச்சீப்பு. மூணாமத்தவன் மூஞ்சி பளிச்சுன்னு தெரியுதும்மா. பாரு, தெரிஞ்ச ஆளா?"

மூட்டையின் கனமான பக்கத்தைப் பிடித்தபடி, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான் மணியன்.