டேப் எதுக்கு மக்கா?

டேப்பை ஸ்டாண்டில் மாட்டி, கட்டிலில் கிடந்த ஜெனித்தின் முகத்துக்கு நேராகச் சாய்த்து வைத்தாள் பிசியோதெரபி செய்ய வரும் ஈரோட்டுப் பெண்.

திரையில் எழுதும் பேனாவை அவர் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னாள்.

ஜெனித் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கோதையாற்றில் தலைகீழாகக் குதித்துக் கழுத்தொடிந்த நாளிலிருந்து என் புருஷனுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. தொண்டையில் குழாய் இருப்பதால் பேச்சும் இல்லை. கண்ணை ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. இத்தனை நாளாக எங்கள் குடித்தனமே இந்த இரண்டு பதிலில்தான் ஓடுகிறது.

டேப் வாங்கலாமா என்று கேட்டபோதும் இரண்டு தடவைதான் சிமிட்டினார்.

அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மார்த்தாண்டத்தில் மொபைல் கடை வைத்திருந்த மனுஷன். டேப் கேட்டு யார் வந்தாலும், கையில் போன் இருக்கிறது, வீட்டில் லேப்டாப் இருக்கிறது, நடுவில் இது என்னத்துக்கு என்று திருப்பி அனுப்பிவிடுவார். விற்கத் தெரியாத வியாபாரி.

"டேப் எதுக்கு மக்கா? உள்ளது மதி" என்பார்.

மதி என்றால் இந்தப் பக்கம் போதும் என்று அர்த்தம். திசையன்விளையிலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்கு அது எங்கே தெரியும்? முதல் நாள் சோறு வைத்துக்கொண்டே மாமியார் "மதியா?" என்று கேட்க, எனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்கிறாரோ என நினைத்து அழுதுவிட்டேன். ஜெனித் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் சொன்னபடி முதலில் உள்ளதை வைத்துத்தான் பார்த்தேன். வாயில் ஒரு குச்சியைக் கடித்துப் போனில் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுந்தது. லேப்டாப்பில் எழுத்தை அழுத்த அவருக்குப் பலம் போதவில்லை. கடைசியில் அவர் பேச்சை மீறித்தான் இதை வாங்கினேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் கேட்காமல் அவராக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பசிக்கிறது என்றாவது. பழையபடி ஏட்டி என்றாவது.

பேனா திரையில் பட்டது. வழுக்கியது. மறுபடி பட்டது.

எச்சில் தாடையில் வழிந்தது. துடைக்கப் போன என் கையைப் பிசியோ பெண் தடுத்தாள்.

கோணலாக ஒரு 'ம' வந்தது.

அடுத்த எழுத்துக்கு வெகுநேரம் பிடித்தது. அது 'தி'.

பேனா அவர் வாயிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

பிசியோ பெண் கைதட்டினாள். முதல் வார்த்தை என்று சொல்லித் தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள்.

"மதி யாரு, அக்கா?"

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"பொம்பளப் புள்ள பொறந்தா வைக்க நெனச்ச பேரு" என்றேன்.

அவள் பேனாவை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

ஜெனித் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைச் சிமிட்டினார்.

இரண்டு தடவை.