பத்தொன்பது மில்லிமீட்டர்

யாகுட்ஸ்க் நகரில் வீடுகள் மண்ணுக்குள் ஆழமாக உறைந்த தூண்களின் மேல்தான் நிற்கும். குளிரில் நிலம் பொருமி, பாரம் குறைந்த தூணை மேலே தள்ளிவிடும். அது தள்ளாதபடி கணக்குப் போடுவதுதான் துயாராவின் வேலை. தன் வீட்டுக்கும் அவளேதான் போட்டிருந்தாள். கணவன் அறையின் தூணை அவனுடைய கடைசல் இயந்திரம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும், அவள் அறையின் தூணைச் செங்கல் அடுப்பு.

அவன் செத்துப்போனதும் இயந்திரத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

மே மாதம் மட்டம் பார்க்க அலுவலகத்திலிருந்து நியுர்குன் வந்தான்.

“அண்ணன் ரூம் தூண் தூக்கியிருக்கும்னு சொன்னீங்க, அசையவே இல்லக்கா. கணக்குல கோட்டை விட்டுட்டீங்க!”

“பாரம் போயிடுச்சே, தூக்கியிருக்கணுமே. சரி, பல்லைக் காட்டாம என் தூணைப் பாரு.”

“பத்தொன்பது மில்லிமீட்டர் தூக்கியிருக்கு.”

“மேல மூணு டன் அடுப்பு இருக்குடா. மறுபடி பாரு.”

மூன்று தடவை பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

“காலி ரூம்தான்க்கா இப்படித் தூக்கும். குளிருக்கு எங்கயாச்சும் போயிருந்தீங்களா?”

“எங்க போக? இங்கேயேதான் கிடந்தேன்.”

அவன் கிளம்பிய பிறகு அறைக்குள் போனாள். அடுப்பு அதன் இடத்தில் இருந்தது. காலையில் அவள் போட்ட விறகு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தாள்.

மெத்தை கொஞ்சம்கூட அமுங்கவில்லை.