பஸ் ஸ்டாப் காட்சி

ஆக்லாந்தின் ஒட்டாஹூஹூவில், ஒரு சின்னத் தியேட்டரில் லோசாவின் முதல் படம் ஓடிக்கொண்டிருந்தது. நண்பர்களை நடிக்க வைத்து, நிஜத் தெருக்களில் எடுத்த படம். மதியக் காட்சி முடிந்ததும் அவள் வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களிடம் கருத்துக் கேட்பாள்.

"நம்ம ஏரியாவ அப்படியே காட்டிட்டம்மா" என்றார் ஒரு பேக்கரிக்காரர்.

கடைசியாக செமிசி வந்தார். அறுபதை நெருங்கும் வயது.

"அஞ்சு நாளா தினமும் வர்றீங்கய்யா. படம் அவ்வளவு பிடிச்சுருச்சா?"

"அந்த பஸ் ஸ்டாப் சீன்தாம்மா. எத்தன தடவ பாத்தாலும் போதல."

லோசாவுக்கு முகம் மலர்ந்தது. "ஹீரோயின் அழுவாளே, அதானே? கேமராவ வேன்ல ஒளிச்சு வச்சு எடுத்தோம். சுத்தி நின்னவங்களுக்கு ஷூட்டிங்னே தெரியாது."

"எப்ப எடுத்தது?"

"போன ஜூன்."

"ஜூன்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"என் பொறந்த நாள் அன்னிக்குய்யா. மறக்குமா?"

செமிசி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அழுவுற பொண்ணுக்குப் பின்னால, நீலக் கோட்டு போட்ட ஒருத்தி பஸ் ஏறுவா. அவ என் மகதாம்மா. அந்த ஜூனுக்கு முன்னாடி, மார்ச்சுலயே என்கூட சண்ட போட்டுட்டுப் போனவ. அவ செருப்பு மட்டும் கடற்கரையில கெடச்சுது. செத்துட்டான்னு சர்ச்சுல ஜெபமும் பண்ணி முடிச்சிட்டோம்."

லோசா அவரை உள்ளே அழைத்துப்போய் லேப்டாப்பைத் திறந்தாள். படத்தில் சேர்க்காமல் வெட்டிய மிச்சக் காட்சி அதில் இருந்தது. பஸ் மெல்ல நகர்ந்தது. ஜன்னலோரம் அந்தப் பெண்.

"பஸ் நம்பர் முப்பத்திரண்டுய்யா, குறிச்சுக்கங்க. அந்த ரூட்ல தேடிப் பாக்கலாம்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் சதை போட்டிருக்கா, பாத்தியாம்மா? வேளாவேளைக்குச் சாப்பிடறா."