ஒரே மாதிரி இருக்கணும்

ஜோர்டானின் இர்பித் நகரத்துக்கு எனக்குப் பெண் கேட்டுப் போயிருந்தோம். காபி வந்தது. அந்த ஊர் வழக்கப்படி, பெண்ணின் அப்பா ஹிக்மத், "சரி, குடிங்க" என்று சொன்னால்தான் சம்மதம். அதுவரை எங்களில் யாரும் கிண்ணத்தைத் தொடக் கூடாது.

"தம்பிக்கு என்ன வேலை?" என்றார்.

"ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரோட கையேட்டைப் பார்த்துக்கிறேன் மாமா. யார் வேணா திருத்தம் எழுதி அனுப்பலாம். தலைப்பு, இடைவெளி, வார்த்தை எல்லாம் ஒரே மாதிரி இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவேன்."

"விஷயம் சரியா இருந்தாலுமா?"

"இருந்தாலும்."

ஹிக்மத் தலையை ஆட்டிக்கொண்டார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பெண் கேட்டார்.

"முதல்ல 'உங்க பொண்ணு'ன்னீங்க, அப்புறம் 'உங்க மக'ன்னீங்க. ஏதாவது ஒண்ணு வச்சுக்கிட்டு மறுபடி கேளுங்க" என்றார் ஹிக்மத்.

பெரியப்பா மறுபடி கேட்டார்.

"சலாம் சொன்னதும் கொஞ்சம் இடைவெளி விடணும். மறுபடி."

"என்னடா இந்த மனுஷன் இப்படிப் படுத்தறார்?" என்று பெரியப்பா என் காதைக் கடித்தார்.

ஹிக்மத்துக்கு அது கேட்டுவிட்டது. "தம்பி, 'இர்பித் ஆலிவ்'ங்கிற பேர்ல ஒருத்தன் அனுப்புற திருத்தத்தை ரொம்ப நாளா திருப்பி அனுப்புறீங்களே, ஞாபகம் இருக்கா? அது நான்தான்."

போனை எடுத்து அவருடைய திருத்தத்தைத் திறந்தேன். அதை ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். "அழுத்துடா" என்று பெரியப்பா கண்ணாலேயே கெஞ்சினார். முழுதாகப் படித்தேன். விஷயமெல்லாம் சரிதான்.

"தலைப்புக்குக் கீழ இன்னும் இடைவெளி விடலையே, மாமா" என்றேன்.

எல்லோருடைய காபியும் ஒரே மாதிரி ஆறியது.